ஆரணியின் கைப்பையில் இருந்த சத்தகம்

1

லண்டனுக்கு வந்து இருபது வருடம் முடிந்த கிழமையில், ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் ஒரே மகளைப் பொலிசில் பிடித்துக் கொடுக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான். நடந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதும் சட்டிபானை கழுவும்போது பைகளைச் சோதித்த அந்த மேசை நினைவுக்கு வந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. ஊரில் இருக்கிற நீங்கள் வழக்கம்போல "உங்களுக்கென்ன, வெளிநாட்டில் ராசா மாதிரி" என்று சொல்வீர்கள். ராசா கதையை இன்னொருவர் எழுதட்டும். நான் என்னுடைய மோட்டு வேலையை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் போனது ஜேர்மனிக்கு. ஆரணி டோர்ட்முண்டில்தான் பிறந்தாள். அவளுக்குப் பதினொரு வயதானபோது, இங்கிலீஷ் படிக்கட்டும் என்று சொல்லி, பெட்டி படுக்கையோடு இல்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து இவர், ஆரணியின் அப்பா, ஒரு சொந்தக்காரரின் கடையில் நிற்கிறார். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே கத்திகள் பூட்டிய மேசை லாச்சிக்குள் இருக்கும். வெங்காயம் வெட்ட ஒன்று வேண்டுமென்றால் கையெழுத்து வைத்து எடுத்து, கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே இந்த நாட்டில் கத்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆரணி இப்போது கோலியர்ஸ் வுட்டில், கணவன் டானியலோடு இருக்கிறாள். உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறாள். முன்பெல்லாம் கிழமைக்கு ஒரு தடவை வருவாள். போன வருடம் அது மாதம் ஒன்றாகி, பிறகு மூன்று மாதம் போனில் "பிஸி அம்மா" என்பதோடு நின்றுபோனது. நான் டானியலைத்தான் குற்றம் சொன்னேன். வெள்ளைக்காரப் பெடியன் பிள்ளையை எங்களிடமிருந்து பிரித்துவிட்டான் என்று இவரிடம் எத்தனையோ தடவை புறுபுறுத்திருக்கிறேன். இந்த வருடம் அவள் கர்ப்பம் என்று தெரிந்த பிறகு திரும்ப வரத் தொடங்கினாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஐந்தாம் மாதம்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. பேற்றுக்கு அவள் என் வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை நான் பத்தியம் சமைத்துப் போட்டு, மேல் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். சாடையாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "பாப்பம் அம்மா" என்றாள். பிள்ளைகள் "பாப்பம்" என்றால் மாட்டோம் என்றுதான் அர்த்தம். அதனால், "இருபது வருசமா லண்டனிலை இருக்கிறியள், ஒரு மியூசியமும் பாக்கேல்லை, வாங்கோ" என்று அவள் கூப்பிட்டபோது, மியூசியத்தில் என்ன இருந்தால் எனக்கென்ன, போகிற வழியில் இதைக் கேட்டுவிடலாம் என்று எலிசபெத் லைன் ரயிலில் ஏறினேன்.

2

சத்தகம் என்றால் இந்தியத் தமிழர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓலை வாருவதற்கும் ஈர்க்கு வெட்டுவதற்கும் எங்கள் ஊரில் வைத்திருக்கும் சின்னக் கத்தி. அலகு ஒரு விரல் நீளம்தான் வரும். காம்பும் இரும்பு. பெண்பிள்ளை பெரியபிள்ளையானாலும், கர்ப்பமாக இருந்தாலும், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாலும் அது பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியில் போனால் கையோடு போக வேண்டும். இரும்பு இருந்தால் காத்துக்கறுப்பு அண்டாது. நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பெற்ற பிள்ளையின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நம்பிக்கை, நம்பிக்கையின்மை என்றெல்லாம் யோசிக்க எனக்கு நேரமில்லை.

என்னுடையது என் அக்கா கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் மிளகாய்த்தூளோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியது. டோர்ட்முண்ட் ஆஸ்பத்திரியில் ஆரணியைப் பெற்ற அன்று அது என் தலையணைக்குக் கீழே இருந்தது. படுக்கை விரிப்பு மாற்ற வந்த நேர்ஸ் அதைக் கண்டுபிடித்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. தெரிந்த நாலு ஜேர்மன் சொல்லில் என்னத்தைச் சொல்வது? அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் மேசையில் இருந்த அப்பிளை எடுத்து, அந்தச் சத்தகத்தாலேயே அழகாகச் சீவி, துண்டு போட்டு எனக்குத் தந்தாள். சத்தகத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். பழம் சீவ வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஆரணிக்கு மூன்றாம் மாதம் என்று கேள்விப்பட்ட சனிக்கிழமையே அவள் குளியலறைக்குப் போன நேரம் பார்த்து, சத்தகத்தைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, ஒரு தேசிக்காயையும், அதுதான் எலுமிச்சங்காயையும், சேர்த்து, அவளுடைய கைப்பையின் அடியில், துணி கிழிந்திருந்த இடத்துக்குள் தள்ளிவிட்டேன். சொன்னால் சிரிப்பாள், அல்லது எடுத்து எறிவாள். அதனால் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வரும்போது கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். இருக்கும். தேசிக்காய் காய்ந்திருந்தால் மாற்றிவிடுவேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அந்தப் பை திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் போகும் என்ற நினைப்பு ஒரு நாளாவது எனக்கு வந்ததா? வரவில்லை. கையெழுத்து வைத்துக் கத்தி எடுக்கிற எனக்கு வரவில்லை.

3

அருங்காட்சியக வாசலில் வரிசை. பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். என் பையில் தண்ணீர்ப் போத்தலும் பசித்தால் தின்ன இரண்டு ரோல்சும் இருந்தன. காவலாளி, ஒரு வயதான ஆபிரிக்கர், ரோல்சைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னை விட்டார். ஆரணி தன் பையை மேசையில் வைத்தாள். அவர் ஒரு குச்சியால் உள்ளே கிளறினார். பிறகு கையை விட்டார். முதலில் தேசிக்காய் வந்தது. அதைத் தட்டில் வைத்தார். பிறகு கைலேஞ்சி வந்தது.

அந்த நேரம்வரை எனக்குச் சத்தகத்தின் நினைவே இல்லை. கைலேஞ்சியைக் கண்டதும்தான் வந்தது. அவர் சுற்றை அவிழ்த்தார். பிளாஸ்டிக் தட்டில் இரும்பு விழுந்த சத்தம் வரிசை முழுவதற்கும் கேட்டது. பின்னால் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தாள். காவலாளியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

இது என்ன என்று அவர் கேட்டது ஆரணியிடம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதற்றத்தில் இருபது வருட இங்கிலீஷும் எங்கேயோ ஓடிவிட, முன்னால் போய், "திஸ் நைஃப், ஃபோர் பேபி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஆரணியின் வயிற்றைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் விளங்கவில்லையாக்கும் என்று இன்னும் பலமாக அதையே சொன்னேன். அவர் தோளில் இருந்த கருவியில் யாரையோ கூப்பிட்டார்.

நான் என்னுடையது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆரணி, "இட்ஸ் மைன்" என்றாள். நிதானமாகச் சொன்னாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் ஆசிரியை. பெயரில் ஒரு பொலிஸ் பதிவு விழுந்தால் பள்ளிக்கூட வாசல் மிதிக்க முடியாது. எனக்காகத் தன் தலையில் பழியைப் போடுகிறாள் என்று நினைத்தேன்.

4

பக்கத்து அறையில் இரண்டு கதிரையில் எங்களை இருத்தினார்கள். சத்தகத்தை உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டினார்கள். தேசிக்காய்க்கும் தனியாக ஒரு பை. மேலதிகாரி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மரியாதையாகத்தான் கதைத்தாள். மரியாதை கூடக்கூட எனக்குப் பயம் கூடியது. நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூரான ஆயுதம் அகப்பட்டால் பொலிசுக்கு அறிவிப்பதுதான் தங்கள் நடைமுறை என்றாள். ஆனால் தக்க காரணம் இருந்தால் அது வேறு என்றாள். தொழிலா, மதமா, தேசிய உடையின் பகுதியா என்று கேட்டாள்.

காத்துக்கறுப்புக்கு என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தக் கோயிலில் இதைச் சொல்லியிருக்கிறது? ஹைகேற் முருகனிடம் போய்க் கேட்டால் ஐயர் என்னைக் கலைத்துவிடுவார். ஆரணி இதையெல்லாம் யோசிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பாக எங்கள் சனங்கள் வைத்திருப்பது, மதமும் வழக்கமும் கலந்தது என்று ஒரு குறையும் இல்லாமல் விளக்கினாள். அந்தப் பெண் எழுதினாள். பிறகு, கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்தக் கால் மணித்தியாலத்தில் எனக்கு அக்காவின் நினைவு வந்தது. ஊரில், சண்டைக் காலத்தில், அக்கா ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, நாங்கள் வந்த பஸ்ஸை ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டினார்கள். அக்காவின் பையிலிருந்து சத்தகம் விழுந்தது. நாங்கள் செத்தோம் என்று நினைத்தோம். அந்தச் சிப்பாய் அதைக் குனிந்து எடுத்தான், அக்காவின் வயிற்றைப் பார்த்தான், சிங்களத்தில் மற்றவனிடம் ஏதோ சொன்னான். துணியில் சுற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டான். சிங்களம் தெரிந்த ஒருவர் பஸ்ஸில் ஏறிய பிறகு சொன்னார், தன் மனைவியும் இரும்பு வைத்திருக்கிறாள் என்று சொன்னானாம். அவனை நல்லவனாக்க இதை எழுதவில்லை. அதே சாவடியில் அதே கிழமை இரண்டு பெடியன்களை இறக்கித் தடுத்து வைத்ததும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் அவனுக்கு விளங்கிய விஷயம், இங்கே நாலு பக்கம் எழுதியும் விளங்குமோ என்று இருந்தது.

ஆரணி என்னைத் திட்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அது திட்டுவதைவிட மோசம். பேற்றுக்கு வா என்று கேட்கும் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து, பொலிசைக் கூப்பிடவில்லை என்றாள். சத்தகத்தைக் கையில் தர முடியாதாம், பொதி செய்து வீட்டுக்குத் தபாலில் அனுப்புவார்களாம். பிறகு, கண்காட்சியை நீங்கள் தாராளமாகப் பார்க்கலாம் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

5

திறந்துவிட்டால், உள்ளே முழுக்கக் கத்தி.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜப்பான்காரரின் வாள்கள், ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை. பிடியைக் கழற்றிவிட்டு வெறும் இரும்பாக, வெள்ளைத் துணி விரித்த தாங்கிகளில் படுக்கப்போட்டு, மேலிருந்து லைட் அடித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அமத்திப் பார்த்தார்கள். என் விரல் நீளச் சத்தகம் பிளாஸ்டிக் பையில், இங்கே ஒரு ஆளை இரண்டாகப் பிளக்கிற வாளுக்குப் பெயர்ப்பலகை. அந்தக் கோபத்தோடுதான் முதல் வரிசையைப் பார்த்தேன்.

ஆரணி ஒன்றும் நடக்காததுபோல விளக்கிக்கொண்டு வந்தாள். வாயலகின் ஓரமாக ஓடும் வெள்ளை அலை பூச்சு இல்லை, சூடாக்கித் தண்ணீரில் தோய்க்கும்போது வருவது என்றாள். அடிக்காம்பில் இரும்பு துருவேறிக் கறல் பிடித்துக் கிடந்தது. இவ்வளவு மினுக்குகிறவர்கள் இதை ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டேன். கறலைத் தொடமாட்டார்களாம், அதைப் பார்த்துத்தான் வாளின் வயதைச் சொல்வார்களாம். அடுத்த கண்ணாடிக் கூண்டில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே வருகிற வட்டத் தகடுகள். உள்ளங்கை அளவு இரும்பில் ஒன்றில் நண்டு, ஒன்றில் மழைக்குக் குடை பிடித்துப் போகும் ஒருவன், ஒன்றில் பொன்னில் இழைத்த புல். பக்கத்தில் அரக்குப் பூசிய சின்னப் பெட்டிகள், கறுப்பின்மேல் பொன்தூள் தூவியவை. ஆளை வெட்டப் போகிறவனுக்கு நண்டு எதற்கு என்று கேட்டேன். ஆரணி அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள்.

கடைசிக் கூண்டில் ஒரே ஒரு குட்டிக் கத்தி தனியாக இருந்தது. அரக்கு உறை, அதில் ஒரு கொக்கும் பைன் மரமும். ஆரணி குனிந்து பலகையை வாசித்தாள். கன நேரம், நிமிர்ந்து பார்க்காமல் வாசித்தாள். என்னவாம் என்று கேட்டேன்.

"பிள்ளை பிறக்கேக்கை தலைமாட்டிலை வைக்கிறதாம் அம்மா. காத்துக்கறுப்பு அண்டாமல்."

நான் திகைத்துப் போனேன். கத்தியைப் பார்த்து இல்லை. காத்துக்கறுப்பு என்ற சொல்லைக் கேட்டு. அவளுக்கு முருங்கைக்காய்க்கும் புடலங்காய்க்கும் தமிழில் பெயர் தடுமாறும். இந்தச் சொல் எப்படி இவள் வாயில் வந்தது? அந்த அறையில் அவள் அதிகாரிக்குச் சொன்ன விளக்கமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு நாளும் அவளுக்குச் சத்தகத்தைப் பற்றிச் சொன்னதில்லை.

உனக்கு அது பையில் இருப்பது தெரியுமா என்று கேட்டேன்.

"நீங்கள் வைச்ச அண்டைக்கே தெரியும். பெரியம்மாக்கு போன் பண்ணிக் கேட்டனான், என்னத்துக்கு எண்டு. ஸ்கூலுக்குப் போற நாளிலை எடுத்துத் தலையணைக்குக் கீழை வைப்பன். வெள்ளிக்கிழமை திருப்பிப் பைக்குள்ளை வைப்பன். இண்டைக்கு வாசலிலை செக் பண்ணுவாங்கள் எண்டு தெரியும். எடுத்து வைச்சிட்டு வர மனம் வரேல்லை."

என் படித்த மகள், நான் எதைச் சொன்னாலும் "சயன்ஸ் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா" என்கிற மகள், இரண்டு மாதமாக இரும்பைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்திருக்கிறாள். எனக்குச் சந்தோசம் பொங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வென்றுவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அந்தத் துணிவில், கேட்க என்று வந்ததை அங்கேயே கேட்டேன். பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வா பிள்ளை என்றேன்.

"வரத்தான் விருப்பம். பயமா இருக்கு."

பேறு என்றால் பயம் இருக்கும்தான், நான் பக்கத்தில் இருப்பேன் என்றேன்.

"அதுக்கில்லை அம்மா. எனக்கு உங்களைக் கண்டுதான் பயம்."

கண்ணாடிக்கு முன்னால் இருந்து பார்க்க ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அவள் அதில் இருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அந்தக் குட்டிக் கத்தியைப் பார்த்தபடி சொன்னாள். போன வருடம் வயிற்றில் ஒன்று இருந்ததாம். பன்னிரண்டு கிழமை. பிறகு இல்லாமல் போய்விட்டதாம். அந்த மூன்று மாதப் பிஸி அதுதானாம்.

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை, நான் உன் தாய் அல்லவா என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் முதல் கேக்கிற கேள்வி என்னெண்டு எனக்குத் தெரியும். இரும்பு வைச்சிருந்தனியோ எண்டு கேப்பியள்."

நான் இல்லை என்று சொல்லப் போனேன். ஆனால் சத்தியமாக, அவள் "இல்லாமல் போட்டுது" என்று சொன்ன அந்த நிமிடத்தில்கூட என் மனதில் முதலில் எழும்பியது அந்தக் கேள்விதான். வாய்க்குள் வைத்து விழுங்கினேன். இவ்வளவு காலமும் டானியலில் பிழை பிடித்தேன். பிள்ளை என்னிடமிருந்துதான் ஒளிந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போனது என்று மட்டும் கேட்டேன். டானியல் வேலை விஷயமாக வெளியூரில் நின்றானாம். தனியாகத்தான் போனாளாம். பின்னேரம் வெளியில் விட்டதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ரயில் ஏறி இல்ஃபோர்டுக்கு வந்தாளாம்.

"எங்கடை வீட்டையோ?"

"ஓம். உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான்."

எனக்கு அந்தப் பின்னேரம் நினைவிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள் என்று எனக்கு ஒரே சந்தோசம். முகம் வெளிறியிருக்கிறதே என்று பார்த்தேன், பள்ளிக்கூட வேலைக் களைப்பு என்று நினைத்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றி நிமிர முன்னமே கேட்டேன், "என்ன பிள்ளை, விசேசம் ஒண்டும் இல்லையோ இன்னும்?"

"இல்லை அம்மா" என்றாள். நான் இடியப்பமும் சொதியும் போட்டுக் கொடுத்தேன். தந்தது முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.